விதைக்காத கொடி

கறிவேப்பிலை பறிக்கத்தான் தணிகாசலம் மொட்டைமாடிக்கு வந்தார். நாலு ஈர்க்கு போதும், இரண்டு நிமிஷ வேலை. கீழே அவர் வீட்டு அடுப்பில் சுரைக்காய்க் கூட்டு சிறு தீயில் கொதித்துக்கொண்டிருந்தது, செல்போனில் கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்து அதைச் சமையல் மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆனால் தோட்டம் போட்டவர் யார் வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார், ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினால் அடுத்தது கண்ணில் படும், அதைக் கிள்ளினால் அதற்குப் பின்னால் மாவுப்பூச்சி தெரியும். ஆனி மாதத்துப் பதினோரு மணி வெயில். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது, பொழிச்சலூர் மொட்டைமாடிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. தக்காளியெல்லாம் காய்த்து முடிந்து குச்சியாக நிற்கிறது, கத்தரி பூவை உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்கிறது, வெண்டை ஆளுயரம் வளர்ந்து உச்சியில் ஒரே ஒரு முற்றல் காயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வாரத்தில் ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதைக்கவேண்டியவர் இப்போதே பைகளைக் கொட்டி மண்ணைக் காயப்போட்டிருக்க வேண்டும், ஆனால் கோடை முழுக்கச் சோறு போட்ட செடியைப் பிடுங்கக் கை வரவில்லை. மிச்சம் நிற்பது சுரைப்பந்தல் ஒன்றுதான். நேற்றுச் சாயங்காலம் அறுத்த காயின் காம்பு பந்தல் கம்பியில் இன்னும் பச்சையாகவே இருந்தது. நல்ல காய், முழங்கை நீளம், நகம் பட்டால் பால் விடுகிற பதம். இதே கொடியில் அடுத்த பிஞ்சு எங்கே என்று பார்ப்போமே என்று காம்பிலிருந்து கொடியைக் கையால் தடவிக்கொண்டே போனார். கொடி கம்பியை மூன்று சுற்றுச் சுற்றியது, இன்னொரு கொடியின் மேல் ஏறி இறங்கியது, வடக்கே திரும்பியது. தெற்கே அல்லவா திரும்ப வேண்டும், நீல டிரம் தெற்கே இருக்கிறது, அவர் தன் கையால் விதை ஊன்றியது நீல டிரம்மில். பிடித்த கொடியை விடாமல் குனிந்து பந்தலுக்குள் போனார். அது கத்தரிச்செடி வைத்த பையில், கத்தரிக்குப் பின்னால், சுவரோரமாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இந்தக் கொடியை அவருக்குத் தெரியும். பங்குனியில் ஒரு நாள் காலையில் இரண்டு இலையோடு எட்டிப் பார்த்தது. முக்குக்கடை ஓட்டலில் வாங்கிவந்து மக்கவைத்த காய்க்கழிவில் எந்த ஊர் விதையோ இருந்து முளைத்திருக்கிறது. தானாக முளைத்த சுரையை வளர்க்காதே, வளர்த்தாலும் தின்னாதே, அது பேய்ச்சுரையாகத் திரும்பியிருக்கலாம் என்பது மாடித்தோட்டக்காரர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். கசக்கிற சுரைக்காய் பாகற்காய் மாதிரி மருந்து இல்லை, விஷம், வயிற்றைப் புரட்டி ரத்தமாக வாந்தி எடுக்கவைத்து ஆளை ஆஸ்பத்திரியில் படுக்கப்போடும். வெயிலில் தண்ணீர் போதாமல் வாடிய கொடியென்றால் கசப்பு இன்னும் ஏறும். அவரே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார், வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அவர் எழுதுகிற முதல் பாடமே இதுதான். பிறகு ஏன் பிடுங்கவில்லை? அன்றைக்குப் பிடுங்கத்தான் குனிந்தார். இரண்டு விரலால் தண்டைப் பிடித்துவிட்டார். பிடித்துவிட்டு, இந்த வீட்டுக்குக் கூப்பிடாமல் ஒன்று வந்து நாலு வருஷமாயிற்றே என்று தோன்றியது. இருந்துவிட்டுப் போகட்டும், காய்க்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அப்புறம் நல்ல கொடியும் இதுவும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி எது எது என்றே தெரியாமல் போயிற்று. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருக்கு ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. அறுத்த காயை நேற்று இரண்டாக வெட்டி, பாதியைத் தான் வைத்துக்கொண்டு, பாதியைக் கீழ்வீட்டு முத்துச்செல்விக்குக் கொடுத்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குக் கூட்டு வச்சிர்றேன் சார்" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அவளுக்கு இது ஏழாவது மாதம். அவள் புருஷன் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருக்கிறான், இந்த வாரம் மத்தியான ஷிப்ட், பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவான். பன்னிரண்டரை. இப்போது மணி என்ன?

மணி தெரியவில்லை, போன் கீழே இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு விமானம் வயிறு தெரிய இறங்கிப் போனது, அந்தச் சத்தத்தில் பந்தல் கம்பிகூட அதிர்ந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. மாடியிலிருந்து தன் வீட்டுக்குப் பதினேழு படி, அங்கிருந்து கீழ்வீட்டுக்குப் பதினேழு படி. ஆனால் போய் என்ன சொல்வது? கசக்கும் என்றா? நேற்று அவள் எதிரிலேயே காயின் முனையை நறுக்கி வாயில் போட்டு மென்றாரே. சுரைக்காயை யாருக்குக் கொடுத்தாலும் ஒரு துண்டை மென்று பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை. மென்று, தலையை ஆட்டி, "நல்ல காய்ம்மா" என்று சொல்லியல்லவா கொடுத்தார். அவருக்கு அந்தத் துண்டு வழுவழுவென்று இருந்தது, கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான் தெரியும். நாலு வருஷமாக அவருக்கு எதை வாயில் வைத்தாலும் அவ்வளவுதான் தெரியும். கொரோனா இரண்டாவது அலையில் மனைவி மரகதமும் அவரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மரகதம் திரும்பவில்லை. அவர் திரும்பினார், மூக்கும் நாக்கும் திரும்பவில்லை. உப்பு கொஞ்சம் தெரியும், மிளகாய் எரியும், மற்றதெல்லாம் பஞ்சு. இது வேறு யாருக்கு வந்திருந்தாலும் போகட்டும். தணிகாசலம் பால் குளிரூட்டும் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் மூக்கால் சம்பாதித்தவர். விடியற்காலையில் இருநூறு கேன் வரும். ஒவ்வொரு மூடியையும் தூக்கி, ஒரே ஒரு முகர்தல், எடு அல்லது தள்ளு. எடு என்றால் தொட்டிக்குப் போகும், தள்ளு என்றால் வந்த வழியே போகும். கருவி வந்து எண் சொல்வதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடுவார், எந்த மாடு பூண்டைத் தின்றது, எந்தக் கேனைக் கழுவாமல் ஊற்றினார்கள், எந்தப் பால் இன்னும் ஒரு மணி நேரத்தில் திரியும் என்று. மூக்குக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். அந்த மூக்கு செத்துவிட்டது என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மரகதம் இருந்திருந்தால் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பாள். அவளுடைய புடவைகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன, முதல் வருஷம் தினமும் திறந்து முகத்தை அதில் வைத்துப் பார்த்தார், வெறும் துணி. அதற்குப் பிறகு பீரோவைத் திறப்பதில்லை.

கூட்டு! அடுப்பு! அலாரம் அடித்திருக்கும், விமானச் சத்தத்தில் கேட்டிருக்காது. பதினேழு படியையும் கைப்பிடியைப் பிடித்தபடி ஓடினார். செல்போன் அடித்து ஓய்ந்து மேடையில் கிடந்தது, மணி பதினொன்று இருபத்தைந்து. அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியால் மேலாகக் கிளறினார். மஞ்சளாக, குழைவாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்தப் பயம் வேறு அவருக்குத் தினசரிப் பயம், எரிவாயு கசிந்தாலும் தெரியாது, எலி செத்துக் கிடந்தாலும் தெரியாது, தன் மேல் வாடை அடித்தாலும் தெரியாது. அதனால் மூன்று வேளை குளிக்கிறார், யாரிடம் பேசினாலும் இரண்டடி தள்ளி நின்று பேசுகிறார். பெரிய மனுஷர், தள்ளி நிற்கிறார், மரியாதை தெரிந்தவர் என்று தெருவில் பெயர். நறுக்காமல் வைத்திருந்த காம்புப் பக்கத்துத் துண்டு ஒன்று தட்டில் இருந்தது. அதை எடுத்துக் கடித்தார். மென்றார். நாக்கின் நடுவில் வைத்தார், பின்னால் தள்ளினார், கண்ணை மூடிக்கொண்டார், அந்தக் காலத்தில் சந்தேகமான பாலை இப்படித்தான் வாயில் சுழற்றுவார். ஏதோ இருக்கிறது போல இருந்தது. இல்லை, அது நினைப்பு. கசப்பு என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிற்றோ? வேப்பம்பூ ரசத்தை நினைத்துப் பார்த்தார், மரகதம் வருஷப்பிறப்புக்கு வைப்பாள், அவர் முகத்தைச் சுளிப்பார், அவள் சிரிப்பாள். சுளித்த முகம் நினைவிருக்கிறது, கசப்பு நினைவில்லை. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார். மிச்சத் துண்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். காக்கை ஒன்று வந்தது, துண்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, போய்விட்டது. கசப்பதால் போயிற்றா, பசியில்லாமல் போயிற்றா என்று அதைக் கேட்க முடியுமா. ஒரு காய் கசக்கிறதா இல்லையா என்று சொல்ல இந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. கடைக்குப் போவதில்லை, காய்க்காரனைக் கூப்பிடுவதில்லை, தன் காய் தன் கீரை தன் மிளகாய், யார் தயவும் வேண்டாம் என்று மூன்று வருஷமாகப் பீற்றிக்கொண்டதற்கு (அரிசி, பருப்பு, பால், உப்பெல்லாம் கடையில் வாங்குவது கணக்கில் சேராது) கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான், ஒரு நாக்கு இரவல் வாங்க நாதியில்லை.

இன்னொரு வழி தோன்றியது. தானே சாப்பிட்டுப் பார்த்துவிடலாம். இப்போது ஒரு கிண்ணம் சாப்பிட்டால் பன்னிரண்டே காலுக்குள் வயிறு சொல்லிவிடும். சொல்லாவிட்டால் நல்ல காய், யாரிடமும் போய் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்த வேகத்தில் கரண்டியை எடுத்தே விட்டார். ஆவி முகத்தில் பட்டது, சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. சரி, வயிறு சொல்லிவிட்டால்? வாந்தி எடுத்து இந்தச் சமையலறைத் தரையில் விழுந்தால் யாருக்குத் தெரியும். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விழாது. நாளைக்கும் விழாது. நாளை மறுநாள் பந்தல் வாடித் தொங்கும், தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், என்னடா இது சாருடைய தோட்டம் இப்படிக் கிடக்கிறதே என்பார்கள், அப்புறம் யாராவது மேலே ஏறி வருவார்கள். தான் இல்லாததைச் செடிதான் முதலில் ஊருக்குச் சொல்லும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டார். கீழ்வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது.

அந்தப் பெண்ணும் புருஷனும் குடிவந்து எட்டு மாதம். சாத்தூர்ப் பக்கம். குடிவந்த மூன்றாம் நாளே ஒரு கூடைத் தக்காளியோடு போய் நின்றார், மறுநாள் படியில் அவள் வருகிற நேரம் பார்த்து நின்று, "தக்காளி எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டார். அவர் காய் கொடுப்பதே அதற்காகத்தான். கடைச் சாமானெல்லாம் பஞ்சாகப் போன பிறகு, தன் கையால் வளர்த்ததிலாவது ருசி திரும்பி வராதா என்றுதான் முதல் தொட்டியை வைத்தார். வரவில்லை. சரி, சாப்பிட்டவர்கள் சொல்லியாவது கேட்போம் என்று கொடுக்க ஆரம்பித்தார். புளிப்பா, தித்திப்பா, தோல் தடித்ததா, விதை வாயில் நெருடியதா, கொஞ்சம் விவரமாகச் சொன்னால் அதை வைத்து இரண்டு நாள் ஓட்டுவார். யாரும் சொல்வதில்லை. முந்தின குடித்தனக்காரர் "சூப்பர் சார்" என்பார். அதற்கு முந்தினவர் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். முத்துச்செல்வி "நல்லா இருந்துச்சு சார்" என்பாள். வெண்டைக்கும் அதுதான், கத்தரிக்கும் அதுதான், மணத்தக்காளிக் கீரைக்கும் அதேதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள், அதிலும் கொடுப்பவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் கொடுத்த காய் கசக்கிறது என்று எந்தக் குடித்தனக்காரர் சொல்வார்? இது அவருக்கு இப்போதுதான், இந்த நிமிஷத்தில், குக்கரின் இரண்டாவது விசிலோடு சேர்ந்து உறைத்தது. கசந்தாலும் அவள் சொல்லமாட்டாள். கசந்தாலும் சாப்பிடுவாள், வீணாக்கினால் சார் வருத்தப்படுவார் என்று புளியும் வெல்லமும் போட்டுச் சமாளித்துச் சாப்பிடுவாள், வயிற்றில் ஏழு மாதத்துப் பிள்ளையோடு.

பொய் சொல்லிவிடலாமா? மருந்து அடித்த காய்ம்மா, தெரியாமல் கொடுத்துவிட்டேன், தூக்கிப் போட்டுவிடு. மருந்து அடிக்காத தோட்டம் என்று வாசலில் போர்டு மாட்டாத குறையாகச் சொல்லித் திரிந்தவர் மருந்து அடித்தேன் என்று பொய் சொல்வதா, அதை அவள் புருஷனிடம் சொல்ல, அவன் டீக்கடையில் சொல்ல. அழுகிவிட்டது என்று சொல்லலாம். நேற்று அறுத்த காய் இன்றைக்கு எப்படி அழுகும். பல்லி விழுந்தது என்று சொல்லலாம், பாதிக் காயில் மட்டுமா. ஒவ்வொரு பொய்யையும் எடுத்து முகர்ந்து பார்த்தார், ஒவ்வொன்றையும் தள்ளினார். உண்மையைச் சொல்வது இருக்கிறது. எனக்கு ருசி தெரியாது, மென்றது நடிப்பு என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவர் கொடுக்கிற எதை யார் வாங்குவார்கள்? பாவம், மூக்கும் நாக்கும் செத்த மனுஷர் என்று படியில் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண் பாவப்பட்டுப் பார்ப்பாள். பார்க்கட்டும், அதுவும் எத்தனை நாளைக்கு? ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அன்றைக்கே அவளை அவள் அம்மா சாத்தூருக்குக் கூட்டிப்போய்விடுவாள், பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோதான் திரும்புவாள். அதுவரை கீழ்வீட்டிலும் பேச ஆளிருக்காது. எல்லா விமானமும் சேர்ந்து காதுக்குள் இறங்குவது போல இருந்தது. மூன்றாவது விசில். மணி பன்னிரண்டு பத்து. தணிகாசலம் ஜன்னல் விளிம்பிலிருந்த சுரைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் இறங்கினார்.

கதவைத் திறந்தது முத்துச்செல்விதான். கையில் கரண்டி, நெற்றியெல்லாம் வியர்வை, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்றார்.

"வாங்க சார். என்ன இந்த வெயில்ல, அதுவும் வெறுங்காலோட?"

"சுரைக்காய் சமைச்சிட்டியாம்மா?"

"ஆச்சு சார். நல்லா இருந்துச்சு சார்."

"சாப்பிட்டுட்டீங்களா? ரெண்டு பேரும்?" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இல்ல சார், இனிமேத்தான். அவுக குளிக்காக." சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சாப்பிடாத கூட்டு நன்றாக இருந்ததாம். தணிகாசலம் அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் கலந்த கேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கோ பார்க்கிற பால்காரர் முகம் அவருக்கு அத்துப்படி. இருபத்தெட்டு வருஷம் மூடியை முகர்வதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தவர் அவர். "உண்மையைச் சொல்லும்மா," என்றார். "எனக்கு ருசி தெரியாது. நாலு வருஷமாச்சு. வாசனையும் தெரியாது. நேத்து உன் எதிர்ல மென்னேனே, அது சும்மா. அந்தக் காய் நான் விதைச்ச கொடியில காய்க்கல, தானா முளைச்ச கொடி. கசந்தா விஷம். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு மணி நேரமா வரமுடியாம உட்கார்ந்திருந்தேன்."

முத்துச்செல்வி கரண்டியை வாசற்படி மேல் வைத்தாள். "நேத்து ராத்திரியே அரிஞ்சேன் சார்," என்றாள் மெல்ல. "எங்கம்மா எப்பவும் நுனி நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் சட்டியில போடும். நானும் வச்சேன். ஆத்தாடி, வேம்பு தோத்துச்சு. எனக்கு இப்ப எல்லாமே ஒண்ணுக்கு நாலா தெரியுதா, ராத்திரி பூரா வாய் கழுவிட்டே இருந்தேன். அப்படியே குப்பையில போட்டுட்டேன். இன்னைக்கு வச்சது முருங்கைக்காய். வீட்டுக்காரர் ஆசையாக் குடுத்தது, அவர்ட்டயே போயி கசக்குதுன்னு எப்படிச் சொல்ல..."

பிழைத்தது, அந்தப் பிள்ளை பிழைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முத்துச்செல்வியின் முகம் மாறியது. அவர் கையிலிருந்த துண்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், மிச்சப் பாதி உங்ககிட்டத்தான இருந்துச்சு? நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"நெசமாச் சொல்லுங்க. உங்களுக்கு நாக்கு தெரியும்னுல்ல இருந்தேன், மூக்குக்காரர்னு தெருவுல எல்லாரும் சொல்றாக, நீங்களே கண்டு தூரப் போட்டிருப்பீகன்னு நெனச்சேன் சார். காலையில ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கணும். சாப்பிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. சமைச்சேன், சாப்பிடல."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள், எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதெல்லாம் நல்லா இருந்துச்சுதானே. அவரைத் தாண்டிக்கொண்டு படியேறத் தொடங்கினாள். வேண்டாம்மா, இந்த நிலைமையில் ஏறாதே என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டே போனார். பதினேழு படியையும் சுவரைப் பிடித்து நின்று நின்று ஏறினாள். மரகதம் போன பிறகு அந்த வீட்டுக்குள் வந்த முதல் பெண் அவள்தான். நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாள், கூட்டு அசையாமல் முழுசாக இருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். அவள் மூடியைத் தூக்கிய விதத்தைத் தணிகாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். தூக்கினாள், ஒரே ஒரு முகர்தல், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடி பிடிச்சிருக்கு சார். தீஞ்ச வாடை வீடு பூரா அடிக்கு."

"அப்படியா?" என்றார். பிறகு, நாலு வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டார். "வேற என்ன வாடை அடிக்குதும்மா? வீட்டுல? என் மேல? மறைக்காம சொல்லு."

முத்துச்செல்வி தயங்கினாள். இந்த மனுஷர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து, நிதானமாக, கூடத்துப் பக்கம் திரும்பி முகர்ந்தாள். "ஈரத்துணி வாடை சார். துண்டை நல்லா காயவிடாம மடிச்சு வச்சிருக்கீக. சட்டையிலயும் அது இருக்கு. வெயில்ல போட்டு எடுங்க." கொஞ்சம் பயந்துபோய், "கோவிச்சுக்கிடாதீக," என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் எங்கே கோபித்துக்கொள்வது. நாலு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் அவரிடம் தள்ளு என்று சொல்லியிருக்கிறார். தள்ளு என்று சொல்லத் தெரிந்தவர் எடு என்றால்தான் அதை நம்பலாம், இது அவருக்குத் தெரியாத தொழிலா. இவள் இருக்கப்போவது இன்னும் மூன்று நாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், கீழே அவன் சாப்பிடக் காத்திருப்பான் என்பது தெரிந்தும் ஒவ்வொன்றாகக் கேட்டார். வெண்டைக்காய்? "முத்திப் போச்சு சார், ரெண்டு நாள் முந்திப் பறிச்சிருக்கணும்." மணத்தக்காளி? "அது பரவாயில்ல." கத்தரி? "விதைதான் சார், சதையே இல்ல. அவுகளுக்குத் தெரியாம மாட்டுக்குப் போட்டேன்." அவர் சிரித்துவிட்டார், அவளும் சிரித்தாள். மாசியில் கொடுத்த தக்காளியை மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவள் எழுந்து, கதவு வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு தானாகவே நின்றாள்.

"மாசியில குடுத்தீகளே, அந்தத் தக்காளி நெசமாவே நல்லா இருந்துச்சு சார்," என்றாள். சொல்லிவிட்டு, இது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "தோலு தடிச்ச தோலு. ஆனா புளிப்பு இருக்கே, கடையில வாங்குற மாதிரி வெறும் தண்ணிப் புளிப்பு இல்ல. மொதல்ல நாக்கு ஓரத்துல சுருக்குனு புடிக்கும், அப்புறம் மெதுவா இனிக்கும். உப்பு தொட்டு ஒண்ணு பச்சையாவே தின்னேன். ரசம் வச்சதுக்கு அவுக ரெண்டு தடவை கிண்ணத்துல ஊத்திக் குடிச்சாக."

அவள் இறங்கிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தணிகாசலம் நிலையருகில் நின்றார். ஒரு படி, நிறுத்தம், ஒரு படி. கீழ்க்கதவு சாத்தியது. வீடு பழையபடி ஆனது, தீய்ந்த பாத்திரம் மேடையில் இருந்தது, அதைத் தேய்க்க வேண்டும், மாடிக்குப் போய் அந்தக் கொடியைப் பிடுங்க வேண்டும், காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. நாக்கு ஓரத்தில் சுருக்கென்று பிடிக்கும் என்றாளே, எந்த ஓரம் என்று கேட்காமல் விட்டோமே என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினார், மறுபடி ஊறியது.